பிரித்தானியர் அடுக்களை: அபவாதமும் அதன் வரலாறும்

ஒரு சமுதாயத்தைப் பற்றிப் பிற சமுதாயத்தினர் கொள்ளும் அபிப்பிராயங்களுள் மிக எளிதில் தோன்றுவதும், தோன்றியபின் எளிதில் மறையாததும் அதன் உணவைப் பற்றிய அபிப்பிராயமாகும். 2005ஆம் ஆண்டு யூலை மாதத் தொடக்கத்தில், அப்போது பிரான்சின் சனாதிபதியாயிருந்த ஜாக் சிராக், ருஷ்ய, ஜேர்மனியத் தலைவர்களுடன் உரையாடுகையில், இத்துணை மோசமாகச் சமைக்கும் மக்களை நம்பவியலாது என்னும் பொருள்படப் பிரித்தானியரைப் பற்றிக் கூறியதாகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. சில நாட்களுக்குள் 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை நடத்தும் உரிமை பாரிசுக்குக் கிட்டாது இலண்டனுக்குக் கிட்டியமையால் அக்கூற்று மேலும் நகைப்புக்கிடமாயிற்று. ஆயினும், பிரித்தானியருட் பலரும் அக்கூற்றின் உண்மையை மறுக்க முற்படவில்லை. நிறம் வெளிறும்வரை அவித்த கோவா, சாம்பல் நிறமான இறைச்சி, சுவையற்ற குழம்பு ஆகியவற்றைக் கூறித் தம் நாட்டுச் சமையலைத் தாமே எள்ளுவது அவர்களிடையே நெடுநாளைய வழக்கமாகும்.

இவ்வபவாதம் முற்றிலும் பொய்யன்று. எனினும், அது எக்காலத்துக்குரிய உண்மை, எவ்வகுப்பாரின் உணவைப் பற்றிய உண்மை என்னும் வினாக்களை எழுப்பாது அதனை ஏற்றுக்கொள்வோர் ஒரு வரலாற்றைக் காணத் தவறிவிடுகின்றனர். சுவையுணர்வு ஓரினத்தாரின் இரத்தத்தில் ஊறியதன்று. நிலம், விறகு, நேரம், கூலி ஆகியவற்றோடு பிணைந்தே அது வளர்கின்றது. அவற்றோடு சேர்ந்தே தேய்கின்றது.

இடைக்கால இங்கிலாந்தின் செல்வர் உணவு வாசனைத் திரவியங்கள் செறிந்தது. மிளகு வணிகர் இலண்டனில் 1180ஆம் ஆண்டளவிலேயே தமக்கெனக் கூட்டமைப்பொன்றைக் கொண்டிருந்தனர். இரண்டாம் றிச்சாட் மன்னனின் சமையற்காரர் 1390ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த சமையற்சுவடியில் இஞ்சி, கறுவா, குங்குமப்பூ, கராம்பு ஆகியன மிகுதியாகப் பயில்கின்றன. பின்வந்த நூற்றாண்டுகளில் இச்சுவை மாறிற்று. பொருளின் இயற்கைச் சுவையையே முதன்மையாகப் போற்றும் நெறி மேலோங்கிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நெறி நாட்டின் பெருமையாகவே கொள்ளப்பட்டது. 1748இல் இங்கிலாந்துக்குச் சென்ற சுவீடன் நாட்டு அறிஞரான பேர் கால்ம், இறைச்சியை வாட்டும் கலையில் ஆங்கிலேயரை விஞ்சுவோர் அரியர் எனக் குறித்தார். அவர்களுட் பெரும்பாலாரின் சமையற்கலை வாட்டிய மாட்டிறைச்சிக்கும் பிளம் புடிங்குக்கும் அப்பால் அதிகம் செல்வதில்லை எனவும் உடன் சேர்த்துக்கொண்டார். அதே ஆண்டில் வில்லியம் ஹோகார்த் வரைந்த ஓவியத்தில், கலே நகர வாயிலில் ஒருவன் பெரியதோர் ஆங்கில மாட்டிறைச்சித் துண்டைச் சுமந்து நிற்கின்றான். நீர்த்த கஞ்சியை உண்ணும் பிரெஞ்சுப் போர்வீரர் அதனை ஏக்கத்துடன் நோக்குகின்றனர். ஏளனம் அக்காலத்தில் மறுதிசையிற் பாய்ந்தது என்பதற்கு இவ்வோவியம் சான்றாகும்.

இச்சமையலின் உள்ளியல்பை விளங்கிக்கொள்ள வாட்டிய இறைச்சியே தக்க எடுத்துக்காட்டாகும். இன்று அடைத்த அடுப்பினுள் வைத்து வேகவைப்பதையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். முற்காலத்தில், திறந்த நெருப்பின் முன்னே இரும்புக் கம்பியிற் கோத்த இறைச்சி இடையறாது சுழற்றப்பட்டது. காற்றோட்டமும் நேரடி வெப்பமும் சேர்ந்து புறத்தே முறுகலையும் அகத்தே சாற்றையும் தந்தன. அதினின்று சொட்டும் கொழுப்பு வீணாகாதவாறு, மாவும் முட்டையும் பாலும் கரைத்த கலவையைத் தட்டிலிட்டு அதன்கீழ் வைத்தனர். யோக்சயர் புடிங் எனப் பெயர்பெற்ற இப்பண்டம் பல வீடுகளில் இறைச்சிக்கு முன்னரே பரிமாறப்பட்டது. மலிவான மாவினால் வயிறு ஓரளவு நிறைந்தபின் சிறிய இறைச்சித் துண்டும் போதுமானதாயிற்று. சிக்கனமும் சுவையும் ஒன்றையொன்று கெடுக்காது இணைந்த திறம் இதிற் புலனாகின்றது.

கொழுப்பும் மாவும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துத் துணியிற் கட்டி நீரில் அவிக்கும் புடிங்கு வகைகளும் இத்தகையனவே. ஒரே பானையில் இறைச்சியும் கிழங்கும் புடிங்கும் வெந்தமையால் விறகு மிச்சமாயிற்று. கோர்ன்வால் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் கையோடு எடுத்துச்சென்ற பாஸ்ரி என்னும் பண்டம், இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மாவுறையினுள் அடக்கியது. தட்டோ கரண்டியோ வேண்டாத முழு உணவு அது. ஸ்கொட்லாந்தில் ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் நுரையீரலையும் ஓட்ஸ் தானியத்துடன் கலந்து இரைப்பையில் இட்டு அவிக்கும் ஹகிஸ், கொன்ற விலங்கின் எவ்வுறுப்பையும் வீணாக்காத வறியோரின் அறிவிலிருந்து பிறந்தது. புகையூட்டிய ஹெரிங் மீன், சொமர்செற் பகுதிக்குரிய செடர், நீல நரம்பு படர்ந்த ஸ்ரில்ரன் முதலான பாற்கட்டிகள், ஆட்டிறைச்சியுடன் சேரும் புதினா வினாகிரிச் சாறு, பன்றியிறைச்சியுடன் சேரும் அப்பிள் கூழ் என இப்பட்டியல் நீளும். கொழுத்த இறைச்சிக்குப் புளிப்பும் காரமும் துணை நிற்கவேண்டுமென்னும் நுண்ணுணர்வு இவற்றுட் சிலவற்றில் தெளிவாகத் தெரிகின்றது.

இவ்வகைச் சமையலின் பலமும் பலவீனமும் ஒன்றேயாம் என்பது ஈண்டு உற்றுநோக்கற்பாலது. மசாலையும் எண்ணெயும் நீண்ட தாளிப்பும் கொண்ட சமையல், பழுதுற்ற பொருளையும் ஓரளவுக்கு மறைத்து உண்ணத்தக்கதாக்கும். பொருளின் இயற்கைச் சுவையையே நம்பி நிற்கும் சமையலுக்கு அவ்வசதி இல்லை. நல்ல புல்மேய்ந்த மாட்டின் இறைச்சி, அன்று பறித்த அவரை, மாதக்கணக்கிற் பதப்பட்ட பாற்கட்டி ஆகியன உள்ளவரையிலேயே அது உயிர்வாழும். அவை மறைந்தால், உப்புநீரில் அவிக்கும் எளிய முறை வறுமையின் முறையாகவே காட்சியளிக்கும். பிரித்தானியச் சமையலுக்கு நேர்ந்தது இதுவே.

முதலடி நிலத்தில் விழுந்தது. பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியிட்டுத் தனியுடைமையாக்கும் சட்டங்கள் 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்டனவாகப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டன. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான, ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றுக்கு உட்பட்டது. அவற்றுட் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே நிறைவேறியவை. பொது நிலத்தில் ஒரு பசுவையோ சில வாத்துக்களையோ மேயவிட்டும், சுள்ளி பொறுக்கியும் வாழ்ந்த குடியானவன் பாலையும் முட்டையையும் விறகையும் ஒருசேர இழந்தான். விறகு அரிதான இடங்களில் வீட்டில் பாண் சுடுவதும் அரிதாயிற்று. கைத்தொழிற் புரட்சி அவனை நகரத்துக்கு ஈர்த்தது. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழ்ந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் நகரவாசிகளாயிருந்தனர். தாயும் மகளும் ஆலைக்குச் சென்ற வீட்டில், தாயிடமிருந்து மகள் சமையலைக் கற்கும் வாய்ப்பும் சுருங்கிற்று.

நகரத்தில் அவனுக்குக் கிடைத்த உணவோ கலப்படமானது. 1820இல் வேதியியலாளர் பிரெடெரிக் அக்கம் உணவுக் கலப்படம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பாணை வெண்மையாக்கப் படிகாரம் சேர்க்கப்பட்டமையும், தேயிலையில் வேற்றிலைகள் கலக்கப்பட்டமையும் இனிப்புப் பண்டங்களுக்கு நச்சுச் சாயங்கள் ஊட்டப்பட்டமையும் அவ்வாய்வுகளால் அம்பலமாயின. 1844இல் றொச்டேல் நகரத் தொழிலாளர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, கலப்படமற்ற மாவையும் வெண்ணெயையும் சீனியையும் ஓட்ஸ் மாவையும் விற்பதையே ஒரு சமூகப் புரட்சியாகக் கருதவேண்டியிருந்தது. வலுவான கலப்படத் தடைச் சட்டம் 1875இலேயே வந்தது.

இக்காலத்தில் நகரத் தொழிலாளியின் வயிற்றைப் பாணும் சீனியிட்ட தேநீருமே நிறைத்தன. சூடான தேநீர் குளிர்ந்த உணவைச் சமைத்த உணவுபோல் உணரச்செய்தது. அத்தேநீரின் வரலாறு இலங்கையோடும் தமிழரோடும் நேரடியாகத் தொடர்புற்றது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1871இல் கிளாஸ்கோவிற் சிறு பலசரக்குக் கடையொன்றைத் தொடங்கிய தோமஸ் லிப்ரன், 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கித் தொழிலாளர் வாழும் வீதிகளில் மலிவான தேயிலையை விற்றார். தென்னிந்தியாவினின்று கொண்டுவரப்பட்ட, தமக்கென ஒரு சாண் நிலமுமில்லாத தமிழ்த் தொழிலாளர் கொழுந்தைப் பறித்தனர். தம் பாட்டனாரின் பொது நிலத்தை இழந்த ஆங்கிலத் தொழிலாளர் அதனைக் குடித்தனர். ஒருவரையொருவர் காணாத இவ்விரு சாராரையும் ஒரே பொருளாதாரம் ஒரு கோப்பையிற் பிணைத்தது. சாம்ராச்சியத்தை ஆண்ட நாட்டின் சாதாரண மக்களும் தம் அடுக்களையை அச்சாம்ராச்சியத்திற்கே பறிகொடுத்தனர் எனின் அது மிகையாகாது.

கீழ்த்தட்டினர் தம் சமையலை இழந்துகொண்டிருக்க, மேற்றட்டினர் அதனை விரும்பியே கைவிட்டனர். பிற்காலத்தில் நான்காம் ஜோர்ஜ் மன்னனான இளவரசர் பிரெஞ்சுச் சமையல் மேதை கரேமைத் தம்மிடம் அமர்த்திக்கொண்டார். 1837 முதல் 1850 வரை இலண்டன் றிஃபோம் கழகத்தின் அடுக்களையை அலெக்சிஸ் சுவயே ஆட்சிசெய்தார். 1890இல் சவோய் விடுதிக்கு எஸ்கோஃபியே வந்துசேர்ந்தார். உணவுப் பட்டியல்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டன. உயர்ந்த விருந்து அந்நிய மொழியிலேயே அமையவேண்டும் என்னும் மனப்பான்மை வேரூன்றிய இடத்தில், நாட்டுச் சமையல் தன் வளர்ச்சிக்கு வேண்டிய ஆதரவையும் மதிப்பையும் இழந்தது.

எஞ்சிய மத்திய வகுப்பினரின் நிலையை இரு நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1747இல் வெளிவந்த ஹனா கிளாசின் சமையல் நூல், பசிய மரக்கறிகளை அளவுக்கு மீறி அவிப்பவர்கள் அவற்றின் இனிமையையும் அழகையும் கெடுத்துவிடுகின்றனர் என எச்சரிக்கின்றது. சிறிது மொறுமொறுப்பு எஞ்சியிருக்கவேண்டும் என்பது அந்நூலாரின் கருத்து. 1861இல் வெளிவந்த இசபெல்லா பீற்றனின் புகழ்பெற்ற குடும்ப நிருவாக நூலோ, பெரிய கரட்டை ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டே கால் மணி வரை அவிக்குமாறு பணிக்கின்றது. பிந்திய காலம் முந்திய காலத்தினும் மோசமாகச் சமைத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. நன்கு வேகாத மரக்கறி செரிமானத்தைக் கெடுக்கும், சிறுவர்க்குச் சுவைமிக்க உணவு ஆகாது என்னும் விக்டோரிய கால நம்பிக்கைகள் இதற்குத் துணைபுரிந்தன. வீட்டுத் தலைவி அடுக்களையினின்று விலகி, கூலிக்கமர்ந்த இளம் பணிப்பெண்ணிடம் அதனை ஒப்படைத்தமை மற்றொரு காரணமாகும். 20ஆம் நூற்றாண்டின் போர்கள் அப்பணிப்பெண்களையும் வேறு தொழில்களுக்கு அழைத்துச் சென்றபோது, சமைக்கத் தெரியாத தலைவியே வெறும் அடுக்களையில் எஞ்சினாள்.

இறுதி அடி பங்கீட்டு முறையால் வந்தது. 1940 ஜனவரி 8ஆம் நாள் பன்றியிறைச்சி, வெண்ணெய், சீனி ஆகியவற்றுடன் தொடங்கிய பங்கீடு, 1954 யூலை 4ஆம் நாள் வரை, போர் முடிந்தபின்னும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. போர்க்காலத்திற்கூடப் பங்கீட்டுக்கு உட்படாத பாண் 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. ஒருவருக்கு வாரமொன்றுக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், இரண்டு அவுன்ஸ் தேயிலை, ஒரு முட்டை என அளந்துகொடுத்த காலங்களும் உண்டு. பால் பெரும்பாலும் ஒரேவகைப் பாற்கட்டி செய்வதற்கே திருப்பப்பட்டமையால் பல பிரதேசப் பாற்கட்டி வகைகள் அருகின. இம்முறை வறியோருக்கு முன்னிருந்ததினும் நிறைவான உணவை உறுதிப்படுத்தியது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும், பதினான்கு ஆண்டுகள் ஒரு தலைமுறைக் காலத்தின் பெரும்பகுதியாகும். அக்காலத்தில் வளர்ந்தோர் பொடியாக்கிய முட்டையையும் மாஜரீனையும் தம் நாட்டு உணவென்றே அறிந்தனர். 1940களின் பிற்பகுதியிலும் அடுத்த தசாப்தத்தின் முற்பகுதியிலும் உயர்கல்விக்காக இலங்கையினின்றும் பிற நாடுகளினின்றும் அங்கு சென்றோர் விடுதிகளிற் கண்டதும் இவ்வுணவையே. அவர்கள் கொண்டுவந்த அபிப்பிராயம் நேர்மையானது; ஆனால் அது பஞ்சகாலத்து வீட்டைக் கண்டு அவ்வீட்டாரின் விருந்தை மதிப்பிட்டது போன்றது.

இதனை அன்றே உணர்ந்தவர் ஜோர்ஜ் ஓவல். 1945இல் அவர் ஆங்கிலச் சமையலுக்காக வாதாடிப் பத்திரிகைக் கட்டுரையொன்று எழுதினார். நல்ல ஆங்கில உணவு வீடுகளிலன்றி உணவகங்களில் அரிதாகவே கிடைக்கும் என்பதை அதில் அவரும் ஒப்புக்கொண்டார். 1946இல் பிரித்தானியக் கவுன்சில் பிரித்தானிய உணவு பற்றி அவரிடம் கட்டுரையொன்றைக் கேட்டுப் பெற்றது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய வேளையில் ஐரோப்பிய வாசகர்க்கு அதனை வழங்குவது பொருந்தாதெனக் கருதி வெளியிடாது விட்டது. 2019இலேயே அந்நிறுவனம் அதற்கு மன்னிப்புக் கோரியது.

பிரித்தானிய அடுக்களை பிறரிடமிருந்து கற்க மறுத்தது என்னும் குற்றச்சாட்டும் ஆராயத்தக்கதே. ஹனா கிளாசின் நூலிலேயே இந்திய முறையில் 'கறி' சமைக்கும் விவரம் உண்டு. தமிழரின் மிளகுத்தண்ணீர் 'முல்லிகற்றோனி' எனத் திரிந்து 19ஆம் நூற்றாண்டுச் சமையல் நூல்களில் இடம்பெற்றது. அது இறைச்சியும் மாவும் சேர்ந்து தடித்த சூப்பாக மாறியமை வேறு விடயம். வட இந்தியரின் கிச்சடி, புகையூட்டிய மீனும் முட்டையும் கலந்த காலையுணவாயிற்று. நாட்டின் சின்னமெனக் கருதப்படும் பொரித்த மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும், ஐபீரியக் குடாநாட்டினின்று வந்த யூதரின் மீன் பொரிக்கும் முறையோடு தொடர்புடையவை. 1860களில் தனிக்கடைகளாகத் தோன்றித் தொழிலாளரின் உணவான அவை, இரண்டாம் உலகப்போரின்போதும் பங்கீட்டுக்கு உட்படவில்லை.

மறைந்துகொண்டிருந்ததைத் தேடித் தொகுத்தோரிற் பெண்களே முன்னின்றனர். புளொரன்ஸ் வைற் 1928இல் நாட்டார் சமையலுக்கான சங்கமொன்றை நிறுவி 1932இல் நூலொன்றை வெளியிட்டார். டொரதி ஹாட்லியின் நூல், பங்கீடு முடிவுற்ற 1954இலேயே வெளிவந்தது. ஜேன் கிறிக்சன் 1974இல் ஆங்கில உணவைப் பற்றியும், எலிசபெத் டேவிட் 1977இல் ஆங்கிலப் பாண் வகைகளைப் பற்றியும் ஆழ்ந்த நூல்களை எழுதினர். 1961இல் புகுத்தப்பட்ட விரைவு முறை, பாணை நொதிக்கவிடும் நெடிய நேரத்தை ஒழித்து ஆலைப் பாணை நாடெங்கும் பரப்பியிருந்தமையால் டேவிட்டின் நூல் ஒரு கண்டனமாகவும் அமைந்தது. 1979இல் இலண்டனில் தோன்றிய நீல்ஸ் யாட் பாற்கட்டிக் கடை, பண்ணைகளிற் செய்யப்படும் பாற்கட்டிகளுக்கு மீண்டும் சந்தை தேடிக்கொடுத்தது. 1994இல் பேகஸ் ஹென்டர்சன் முதலானோர் தொடங்கிய சென் ஜோன் உணவகம், ஈரலையும் எலும்பு மச்சையையும் மீண்டும் மேசைக்குக் கொணர்ந்தது. ஸ்ரில்ரன் என்னும் பெயர் 1996 முதல் மூன்று மாவட்டங்களுக்கு உரியதாகப் பாதுகாக்கப்பட்டது. கோர்ன்வால் பாஸ்ரி 2011இல் அத்தகைய பாதுகாப்பைப் பெற்றது.

இம்மறுமலர்ச்சி பாராட்டுக்குரியதெனினும் அதன் வரம்பும் கருதத்தக்கது. சுரங்கத் தொழிலாளியும் இடையனும் உண்ட உணவுகளின் செம்மையான வடிவங்கள் இன்று பெரும்பாலும் வசதிபடைத்தோரையே சென்றடைகின்றன. ஈரலையும் எலும்பையும் வீணாக்காத வறியோரின் சிக்கனம், வெண்ணிறத் துணி விரித்த மேசையில் உயர்ந்த விலைபெறுகின்றது. அதே நகரங்களில் உணவு வங்கிகளின் வாயிலில் மக்கள் வரிசையில் நிற்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பன பெரும்பாலும் தகரத்தில் அடைத்த பண்டங்களே. நிலத்தினின்று பிரிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு அச்சமையல் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

ஹனா கிளாசின் நூல் இன்றும் அச்சிற் கிடைக்கின்றது. அதிற் கூறியவாறு பசிய மரக்கறியை அளவறிந்து அவித்து இறக்குவதற்குப் பெரும் பொருளோ அரிய கைத்திறனோ வேண்டியதில்லை. பறித்த மரக்கறி வாடுமுன் வீடுவந்து சேர்வதும், அடுப்பருகில் நின்று பதம் பார்க்க ஒருவருக்கு நேரம் வாய்ப்பதுமே வேண்டப்படுவன. அவ்விரண்டும் எத்தனை வீடுகளுக்குக் கிட்டுகின்றன என்பதைப் பொறுத்தே பிரித்தானிய அடுக்களை மீதுள்ள அபவாதம் நீங்குவதும் நிலைப்பதும் அமையும்.